நகைப்பெட்டிக்குள் ஹிட்லரின் பற்கள்: சோவியத் ரகசியக் கோப்புகளை வாசிக்க ஓர் அறிமுகம்

1945 மே 8. பெர்லின் விழுந்து ஆறு நாள் ஆகியிருந்தது. செஞ்சேனையோடு வந்திருந்த எலேனா ர்ஷெவ்ஸ்கயா என்ற 25 வயது மொழிபெயர்ப்பாளரின் கையில் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்தார்கள். கருஞ்சிவப்பு நிறம், உள்ளே மெத்தென்ற துணி. வாசனைத் தைலமோ மலிவு நகையோ வைத்து விற்கிற மாதிரியான பெட்டி. அதற்குள் ஹிட்லரின் தாடை எலும்பும் பற்களும் இருந்தன. பூட்டி வைக்க இரும்புப் பெட்டி எதுவும் கைவசம் இல்லை. வெற்றிச் செய்தி எந்த நேரமும் வரலாம். வந்தால் ஆண்கள் குடித்துவிட்டு எங்கேயாவது தவறவிட்டுவிடுவார்கள் என்ற பயம் மேலதிகாரிக்கு. அதனால் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அன்றிரவு ஜெர்மனி சரணடைந்தது. சுற்றிலும் எல்லோரும் கட்டித் தழுவிக் கொண்டாட, அவர் மட்டும் பெட்டியைக் கையைவிட்டு இறக்காமல் நின்றார்.

ஹிட்லரின் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த கேட்டே ஹாய்சர்மன் என்ற பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள். எந்தப் பல் இருந்தது, எது இல்லை, எங்கே பாலம் கட்டியிருந்தது என்பதையெல்லாம் அவர் நினைவிலிருந்தே சொன்னார். பெட்டியில் இருந்ததோடு அது ஒத்துப்போனது. ஹிட்லர் செத்துவிட்டான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உலகமே கேட்கக் காத்திருந்த செய்தி அது. மே மாதம் பாதி முடிவதற்குள் ஸ்மெர்ஷ் என்ற சோவியத் ராணுவ எதிர் உளவு அமைப்பிடம் முழு ஆதாரத்தோடு இருந்தது.

அதைப் பூட்டி வைத்துவிட்டார்கள். மே 26 அன்று அமெரிக்க அதிபரின் தூதராக மாஸ்கோ வந்த ஹாரி ஹாப்கின்ஸிடம், ஹிட்லர் சாகவில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று நினைப்பதாக ஸ்டாலின் சொன்னார். ஜூன் 9 அன்று பெர்லினில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த மார்ஷல் ஷுகோவ், ஹிட்லரின் உடல் அடையாளம் காணப்படவில்லை, விமானத்தில் தப்பியிருக்கலாம் என்றார். ஸ்டாலின் தெரிந்தே பொய் சொன்னார். ஷுகோவுக்கோ உண்மையிலேயே தெரியாது. பெர்லினைப் பிடித்த தளபதி அவர்தான், அவருக்கே சொல்லவில்லை! சுமார் இருபது ஆண்டு கழித்து, 1965-ல், ர்ஷெவ்ஸ்கயாவை நேரில் சந்தித்துத்தான் நடந்ததை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பற்களை அடையாளம் காட்டிய ஹாய்சர்மனை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் தனிச்சிறையில் அடைத்தார்கள். 1951-ல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஹிட்லரின் பல் சிகிச்சையில் பங்கெடுத்ததன் மூலம் போரை நீட்டிக்க ஜெர்மானிய அரசுக்கு உதவினார் என்பது குற்றச்சாட்டு. 1955-ல்தான் அவரால் வெளியே வர முடிந்தது.

இங்கே எதிரி யார்? ஹிட்லரின் அரசு மண்ணோடு மண்ணாகிவிட்டது. மறைப்பதால் எந்தப் போர்முனையிலும் எந்தப் படைக்கும் பாதுகாப்புக் கூடப்போவதில்லை. அப்படியானால் ரகசியம் யாரிடமிருந்து? சோவியத் ரகசியக் கோப்பு எதைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதைக் கையில் பிடித்துக்கொண்டால், லட்சக்கணக்கான பக்கங்களுக்குள்ளும் வழி தவறாமல் போகலாம்.

முத்திரை குத்துவது என்றால்

எல்லா அரசுகளுக்கும் ரகசியக் கோப்பு உண்டு. படை எங்கே நகர்கிறது, எந்தச் சங்கேதக் குறியீட்டில் பேசுகிறது என்பதையெல்லாம் போர்க்காலத்தில் ஊருக்குச் சொல்ல முடியாது. காலம் போனபின், இனி வெளியிட்டால் பாதகமில்லை என்று ஓர் அதிகாரியோ குழுவோ முடிவுசெய்து அந்த முத்திரையை எடுத்துவிடுவதைத்தான் ரகசிய நீக்கம் என்கிறோம். கோப்பு தானாகத் திறந்துகொள்வதில்லை. யாரோ ஒருவர் திறக்கிறார். திறக்காமல் விடுவதும் யாரோ ஒருவரின் முடிவுதான்.

சோவியத் யூனியனில் ரகசியத்துக்குப் படிகள் இருந்தன. ‘ரகசியம்’ என்பது கீழ்ப்படி. அதற்கு மேலே ‘பரம ரகசியம்’. அதற்கும் மேலே ‘தனி முக்கியத்துவம்’. இவை எல்லாவற்றுக்கும் உச்சியில், கட்சித் தலைமையின் மிக நுட்பமான முடிவுகளுக்கென்று ‘சிறப்புக் கோப்பு’ ஒன்று இருந்தது. அதிலும் சில தாள்களை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, ‘மூடிய பொதி’ என்று எண் போட்டு, பொதுச்செயலாளரின் அனுமதி இல்லாமல் பிரிக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள்.

இவ்வளவு மறைக்கிறவர்கள் ஏன் எழுதி வைக்க வேண்டும்? வாயால் சொல்லி முடித்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. ஆயிரக்கணக்கான மனிதர்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ரயில் பெட்டி வேண்டும், காவலர் வேண்டும், பெயர்ப் பட்டியல் வேண்டும். அதிலும் ஸ்டாலின் காலத்து அதிகாரி யாருக்கும் நாளைக்குத் தன் தலை இருக்குமா என்று தெரியாது. மேலே இருந்து வந்த உத்தரவுப்படிதான் செய்தேன் என்று காட்ட அவருக்குக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பயம் இருந்த இடத்தில் காகிதமும் பெருகியது. அந்தக் காகிதந்தான் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

நான்கு பக்கக் கடிதம்

இதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு வழக்கை முழுதாகப் பார்த்தாலே போதும்: காத்தின்.

1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரின் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதோடு கிழக்கு ஐரோப்பாவைப் பங்கு போடும் ரகசிய இணைப்பும் இருந்தது. அப்படி ஓர் இணைப்பே கிடையாது என்று ஐம்பது ஆண்டு சாதித்தது மாஸ்கோ. 1989 டிசம்பரில்தான் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேராயம் அதை ஒப்புக்கொண்டு கண்டித்தது. அந்தப் பங்கீட்டின்படி 1939 செப்டம்பரில் மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து செஞ்சேனையும் போலந்துக்குள் நுழைந்தன. செஞ்சேனையிடம் சிக்கிய போலந்து ராணுவ அதிகாரிகளையும் காவல்துறையினரையும் கோசெல்ஸ்க், ஓஸ்தாஷ்கோவ், ஸ்தாரோபெல்ஸ்க் என்ற மூன்று முகாம்களில் அடைத்தார்கள். பலர் போருக்கு முன்பு மருத்துவர்களாக, ஆசிரியர்களாக, பொறியாளர்களாக, வழக்கறிஞர்களாக இருந்தவர்கள். போர் வந்ததும் அழைக்கப்பட்ட சேமப்படையினர். வீட்டுக்குக் கடிதம் எழுதவும் அனுமதி இருந்தது.

1940 வசந்தத்தில் கடிதங்கள் நின்றன.

1940 மார்ச் தேதியிட்ட நான்கு பக்கக் கடிதம் ஒன்று இருக்கிறது. உள்துறை மக்கள் ஆணையரகமான என்.கே.வி.டி.யின் தலைவர் லவ்ரெந்தி பெரியா ஸ்டாலினுக்கு எழுதியது. தட்டச்சு செய்த, சாதாரணமான அலுவலகக் கடிதம். முகாம்களில் 14,700 பேர், மேற்கு உக்ரைன், பெலாரஸ் சிறைகளில் 11,000 பேர் இருக்கிறார்கள். இவர்கள் சோவியத் ஆட்சியின் திருந்தாத எதிரிகள். குற்றச்சாட்டைக் காட்டாமல், ஆளை அழைத்து விசாரிக்காமல், இவர்கள் வழக்குகளை முடித்து உச்ச தண்டனையாகச் சுட்டுக்கொல்ல வேண்டும் என்கிறது கடிதம்.

அதன் முதல் பக்கத்தைப் பாருங்கள். தட்டச்சு வரிகளின் மேல் குறுக்காக ஸ்டாலினின் கையெழுத்து. அதன் கீழ் கட்சித் தலைமையில் இருந்த வொரொஷிலோவ், மொலொடோவ், மிகோயான். ஓரத்தில் வேறு ஒருவர் கையால் சிறிதாக எழுதிய குறிப்பு: காலினின் ஆதரவு, ககனோவிச் ஆதரவு. அவர்கள் அறையில் இல்லை, கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் பேரின் சாவு, விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒப்புதல் தருவது போல முடிந்திருக்கிறது. நான் பார்த்த சோவியத் ஆவணப் படிமங்களில் இந்த ஒரு பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். அதில் கோபமோ தயக்கமோ ஒரு சொல் அடித்தல் திருத்தமோ இல்லை.

மார்ச் 5 அன்று கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழு முடிவெடுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் கொலை நடந்தது. கோசெல்ஸ்க் கைதிகளை ஸ்மோலென்ஸ்க் அருகே காத்தின் காட்டுக்கும், ஓஸ்தாஷ்கோவ் கைதிகளைக் காலினின் நகர என்.கே.வி.டி. கட்டடத்துக்கும், ஸ்தாரோபெல்ஸ்க் கைதிகளைக் கார்கீவ் நகருக்கும் கொண்டுபோனார்கள். அதே ஏப்ரலில் அவர்களுடைய மனைவி மக்களைக் கசகஸ்தானுக்கு நாடுகடத்தினார்கள். சுமார் 60,000 பேர். அக்டோபரில் பெரியா இன்னோர் உத்தரவில் கையெழுத்திட்டார். ‘சிறப்புப் பணிகளை’ வெற்றிகரமாக முடித்ததற்காக என்.கே.வி.டி. ஊழியர்கள் 125 பேருக்கு வெகுமதி. சிலருக்கு ஒரு மாதச் சம்பளம், சிலருக்கு 800 ரூபிள். எந்தப் பணி என்று அதில் சொல்லவில்லை. சோவியத் கோப்புகளில் ‘சிறப்பு’ என்ற சொல்லைக் கண்டால் அங்கே நின்று நிதானமாக வாசிக்க வேண்டும். பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் பிணங்கள் இருக்கும்.

1941-ல் ஜெர்மனி சோவியத் யூனியனைத் தாக்கியது. இப்போது போலந்து நட்பு நாடு. டிசம்பரில் மாஸ்கோ வந்த போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கி, எங்கள் அதிகாரிகள் எங்கே என்று ஸ்டாலினிடமே கேட்டார். தப்பி ஓடியிருப்பார்கள் என்றார் ஸ்டாலின். எங்கே ஓடுவது என்று கேட்டதற்கு, மஞ்சூரியாவுக்கு என்று பதில். அந்த நான்கு பக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு ஆண்டுகூட முடியவில்லை.

1943 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் காத்தின் குழிகளைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார்கள். நாஜிகள் சொன்ன உண்மை. அதனாலேயே அதை நம்பப் பலருக்கும் மனம் வரவில்லை. செஞ்சேனை அந்தப் பகுதியை மீட்டதும் பூர்தென்கோ என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் தலைமையில் ஒரு குழு அமைத்து, ஜெர்மானியர்கள்தான் 1941-ல் கொன்றார்கள் என்று 1944 ஜனவரியில் அறிக்கை கொடுக்க வைத்தார்கள். நியூரம்பெர்க் விசாரணையில் நாஜிகள் மீதான குற்றப் பட்டியலில் இதையும் சேர்த்தது சோவியத் தரப்பு. நீதிமன்றம் தீர்ப்பில் காத்தின் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது.

பிறகு 1959 மார்ச் 3. சோவியத் உளவு, பாதுகாப்பு அமைப்பான கே.ஜி.பி.யின் அன்றைய தலைவர் ஷெலெபின், ஸ்டாலினுக்குப் பின் தலைமைக்கு வந்த குருஷேவுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார். இது தட்டச்சு செய்யப்படவில்லை. நல்ல கையெழுத்துள்ள ஒருவரால் பேனாவால் எழுதப்பட்டது. தட்டச்சரின் கண்ணில்கூடப் படக்கூடாத விஷயம் என்று எடுத்துக்கொள்ளலாம். கொல்லப்பட்டவர்களின் கணக்கு அதில் வருகிறது: மொத்தம் 21,857. காத்தினில் 4,421, ஸ்தாரோபெல்ஸ்க் முகாமினர் 3,820, ஓஸ்தாஷ்கோவ் முகாமினர் 6,311, பிற முகாம்களிலும் சிறைகளிலும் 7,305. இந்த 21,857 பேரின் தனிக் கோப்புகளால் நமக்குப் பயனில்லை, வரலாற்று மதிப்பும் இல்லை. எதிர்பாராத விதமாக ஏதாவது நேர்ந்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். ஆகவே அழித்துவிடலாம் என்கிறார். அந்தக் கோப்புகள் இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை. அவற்றை அழிக்கச் சொன்ன குறிப்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது, ‘மூடிய பொதி எண் 1’ என்ற உறைக்குள்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். நியூரம்பெர்க்கில் சோவியத் வழக்கறிஞர் குழுவில் நிகொலாய் ஸோர்யா என்றொருவர் இருந்தார். 1946 மே மாதம் தன் விடுதி அறையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். ஆயுதத்தைக் கவனமில்லாமல் கையாண்டார் என்றார்கள். அவருடைய மகன் யூரி ஸோர்யா, பல பத்தாண்டு கழித்து, காத்தின் கோப்புகளைத் தேடிய ஆய்வாளர்களில் ஒருவரானார். மூடிய பொதி அவர்களுக்கு எட்டவில்லை. ஆனால் கைதிகளை ரயிலில் கொண்டுபோன காவல் படைகளின் தாள்கள் வேறோர் ஆவணக்காப்பகத்தில் இருந்தன. முகாமிலிருந்து எந்தத் தொகுதியில் யார் யார் அனுப்பப்பட்டார்கள் என்ற பட்டியல்கள். 1943-ல் குழியிலிருந்து பிணங்களை எடுத்தபோது ஜெர்மானியர்கள் எழுதிய பெயர் வரிசையை அந்தப் பட்டியல்களோடு வைத்துப் பார்த்தார் ஸோர்யா. பல இடங்களில் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்றாக ரயிலேறியவர்கள் ஒன்றாகவே குழிக்குள் கிடந்தார்கள். 1940 வசந்தத்துக்குப் பிறகு அவர்கள் உயிரோடு எங்கும் போகவில்லை என்று அந்தப் பட்டியல்களே சொல்லிவிட்டன.

கொலை உத்தரவை உறைக்குள் பூட்டியவர்கள் ரயில் பட்டியலைப் பூட்ட மறந்துவிட்டார்கள். அதை ஒரு ரகசியமாகவே அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆய்வாளர்கள் முதன்மைக் கோப்பு கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகாமல் கணக்கு, போக்குவரத்து, சம்பளத் தாள்களைத் தேடிப் போவது இதனால்தான்.

இந்தக் கண்டுபிடிப்புகள் நெருக்க, 1990 ஏப்ரல் 13 அன்று சோவியத் அரசு முதன்முறையாக ஒப்புக்கொண்டது: இது பெரியாவின் என்.கே.வி.டி. செய்த குற்றம். ஸ்டாலினின் கையெழுத்துப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை. சோவியத் யூனியன் கலைந்த பிறகு, 1992 அக்டோபர் 14 அன்று ரஷ்ய அதிபர் யெல்ட்சினின் தூதராக வார்சா போன ருடோல்ஃப் பிகோயா, பொதியில் இருந்தவற்றின் நகல்களைப் போலந்து அதிபர் லேக் வவென்சாவிடம் கொடுத்தார். 2010 ஏப்ரலில் ரஷ்ய ஆவணக்காப்பகத் துறை அவற்றின் படிமங்களை இணையத்திலேயே போட்டது. அன்று முதல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஓரத்தில் எழுதியவை

போருக்கு முன்பு உளவுத்துறைக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கும் ஒரு தாள் பதில் சொல்கிறது. 1941 ஜூன் 17 தேதியிட்டது. அரசுப் பாதுகாப்புத் துறைத் தலைவர் மெர்குலோவ் ஸ்டாலினுக்கு அனுப்பியது. ஜெர்மன் விமானப்படைத் தலைமையகத்தில் இருக்கும் நம் ஆள் சொல்கிறார், தாக்குதலுக்கான ஆயத்தம் எல்லாம் முடிந்துவிட்டது, எந்த நேரமும் அடி விழலாம் என்கிறது அது. ஸ்டாலின் அந்தத் தாளின் மேலேயே எழுதினார். தாயைச் சொல்லித் திட்டும் கெட்ட வார்த்தை அது. உங்கள் ஆளை அங்கே போகச் சொல்லுங்கள், அவன் தகவல் தருபவன் இல்லை, பொய்த் தகவல் பரப்புபவன் என்பது சாரம். ஐந்தாம் நாள், ஜூன் 22 அதிகாலை, ஜெர்மானியப் படை எல்லையைக் கடந்தது.

அந்த ‘ஆள்’ ஹாரோ ஷூல்ஸே பாய்சன். நாஜி ஆட்சியை உள்ளிருந்தே எதிர்த்த ஜெர்மானிய அதிகாரி. 1942 டிசம்பர் 22 அன்று பெர்லினில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஸ்டாலின் மட்டும் தனியாகத் தவறு செய்யவில்லை. தலைவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்பது கீழே இருந்தவர்களுக்குத் தெரியும். ராணுவ உளவுத் தலைவர் கோலிகோவ் 1941 மார்ச் 20 அறிக்கையில், ஜெர்மனி தாக்கும் என்ற தகவல்களை வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில் இவையெல்லாம் பிரிட்டிஷ் உளவுத்துறையோ ஒருவேளை ஜெர்மன் உளவுத்துறையோ கிளப்பிவிட்ட பொய்யாக இருக்க வேண்டும் என்று முடித்தார். அறிக்கையின் உடம்பு ஒன்று சொல்கிறது, வால் இன்னொன்று சொல்கிறது. ரகசிய அறிக்கை என்றாலே உள்ளது உள்ளபடி எழுதியது என்று நம்பிவிடக் கூடாது.

இன்னும் கொடிய உதாரணம் 1937-ல் இருக்கிறது. மார்ஷல் துகாசெவ்ஸ்கி, செஞ்சேனையின் மிகத் திறமையான தளபதிகளில் ஒருவர், தான் ஜெர்மானிய உளவாளி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது. காகிதம் அசல், கையெழுத்தும் அவருடையது. ஸ்டாலின் இறந்த பிறகு அந்தப் பக்கங்களில் இருந்த பழுப்புக் கறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ரத்தம். அவர்மீதான தீர்ப்பு 1957-ல் ரத்தானது. ஆவணம் உண்மையானது என்பதும் அதில் எழுதியிருப்பது உண்மை என்பதும் வேறு வேறு. புதிதாக இந்தக் கோப்புகளை வாசிக்க வருகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. பழைய உளவுக் கோப்பில் ஒருவர் பெயரைப் பார்த்ததும் துரோகி என்று அறிவித்துவிடுபவர்களை இன்றும் பார்க்கிறோம்.

மக்களுக்குச் சொல்லாத எண்கள்

என் தலைமுறைத் தமிழ் வாசகர்கள் பலருக்குச் சோவியத் என்றால் வழவழப்பான தாளில், மலிவு விலையில், நல்ல தமிழில் வந்த புத்தகங்கள். எனக்கும் அப்படித்தான். பாசிசத்தை முறியடிக்க அந்த மக்கள் கொடுத்த விலை மீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. அந்த விலை எவ்வளவு என்பதையே அவர்களிடம் மறைத்தார்கள் என்று தெரிந்தபோது ஏற்பட்ட வலியும் அதே அளவுக்கு உண்டு.

போரில் சுமார் 70 லட்சம் பேர் இறந்ததாக 1946-ல் ஸ்டாலின் சொன்னார். 1961-ல் குருஷேவ் இரண்டு கோடி என்றார். 1990-ல் கோர்பச்சேவ் சொன்னது கிட்டத்தட்ட 2 கோடியே 70 லட்சம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுத்தாளும் எண் 2 கோடியே 66 லட்சம். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு கோடி மனிதர்கள். அத்தனை வீட்டிலும் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. தெருவில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அரசு தெரியாததுபோல் பேசியது. தலைமை எடுத்த முடிவுகளால் எத்தனை உயிர் போனது என்ற கேள்வி எழாமல் இருக்க வேண்டுமே!

உத்தரவு எண் 227-ம் இதே கதைதான். 1942 ஜூலை 28 தேதியிட்டது. ‘ஓர் அடியும் பின்வாங்காதே’ என்று பெயர் பெற்றது. பின்வாங்குபவர்களுக்குத் தண்டனைப் படைப்பிரிவு, படைகளுக்குப் பின்னால் நின்று ஓடுபவர்களைச் சுடும் தடுப்புப் படை என்று கடுமையான ஏற்பாடுகள் அதில் உண்டு. போர்முனையில் எல்லாப் படையினருக்கும் வாசித்துக் காட்டினார்கள். அச்சில் மட்டும் வரவிடவில்லை. எதிர்த்தரப்புக்குத் தெரியக்கூடாது என்றால் புரிகிறது. ஆனால் போர் முடிந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகி, 1988-ல்தான் அதன் முழு வாசகம் சோவியத் மக்களுக்கு அச்சில் கிடைத்தது. ஏன் என்பது உள்ளே இருக்கிறது. 7 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலத்தை இழந்துவிட்டோம், ஆண்டுக்கு 80 கோடி பூட் தானியத்தை இழந்துவிட்டோம் என்று ஸ்டாலின் அதில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தார். ஒரு பூட் என்பது சுமார் 16 கிலோ. சாகப்போகும் சிப்பாய்க்குச் சொன்ன உண்மையை, அவன் மகன் வளர்ந்து நடுவயது ஆகும்வரை அச்சில் பார்க்கவிடவில்லை.

மறைத்தலின் அடிமட்டம் எது என்று கேட்டால், நான் இறப்புச் சான்றிதழ்களைத்தான் சொல்வேன். 1937, 1938-ல் ஸ்டாலினின் ஒடுக்குமுறையில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரிடம் ‘கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டு’ என்று சொல்லி அனுப்பினார்கள். மனைவிமார்கள் பத்தாண்டு காத்திருந்தார்கள். பத்தாண்டு முடிந்தும் யாரும் வரவில்லை. 1955-ல் கே.ஜி.பி. ஒரு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பியது: கேட்டு வருபவர்களிடம், முகாமில் இறந்துவிட்டார் என்று வாயால் சொல்லுங்கள், பதிவு அலுவலகச் சான்றிதழில், கைதான நாளிலிருந்து பத்தாண்டுக்குள் ஏதாவது ஒரு தேதியும் ஒரு நோயின் பெயரும் எழுதுங்கள்.

அப்படி எழுதிய தேதிகள் பலவும் இயல்பாகவே 1941-க்கும் 1945-க்கும் இடையில் போய் விழுந்தன. 1938-ல் பின்மண்டையில் குண்டு வாங்கியவர் 1943-ல் நுரையீரல் அழற்சியில் செத்ததாக ஆனார். பசியும் குளிரும் எல்லோரையும் கொன்ற காலம், இவரையும் கொன்றது என்று பிள்ளைகள் நம்பினார்கள். அரசு தான் செய்த கொலையைப் போரின் கணக்கில் எழுதிவிட்டது. குடும்பங்கள் அந்தப் பொய்த் தேதியில் ஆண்டுதோறும் அப்பாவை நினைத்து அழுதன.

கதவு எவ்வளவு திறந்திருக்கிறது

1992-ல் யெல்ட்சினின் ஆணை, ஒடுக்குமுறை தொடர்பான ஆவணங்களின் ரகசிய முத்திரையை நீக்கச் சொன்னது. 1993-ல் வந்த ரஷ்யச் சட்டம், பொதுவாக 30 ஆண்டுக்கு மேல் எதையும் அரசு ரகசியமாக வைக்கக்கூடாது என்றது. விதிவிலக்குக்கும் இடம் வைத்தது. 2007-ல் பாதுகாப்பு அமைச்சகம் 1941 முதல் 1945 வரையிலான ஏராளமான படை ஆவணங்களைத் திறந்தது. இன்று ரஷ்யாவில் ஒருவர் தன் தாத்தா எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எங்கே விழுந்தார் என்று இணையத்திலேயே தேட முடிகிறது. இது பெரிய காரியம். குறைத்துச் சொல்ல மாட்டேன். உளவு அமைப்பின் கோப்புகள் இந்த அளவுக்குத் திறக்கப்படவில்லை. அவற்றில் எது வெளிவரும், எப்போது வெளிவரும் என்பதைப் பெரும்பாலும் கே.ஜி.பி.யின் வாரிசான அமைப்புகளே முடிவுசெய்கின்றன. ஓர் ஆண்டு நிறைவையொட்டித் திடீரென ஒரு கற்றை வெளியிடப்பட்டால், இந்தத் தாள் ஏன் இப்போது வருகிறது, இதற்கு முந்தைய பக்கமும் அடுத்த பக்கமும் எங்கே என்று கேட்பது வாசகரின் உரிமை.

மாஸ்கோவில் மூடியிருப்பது வேறோர் ஊரில் திறந்திருப்பதும் உண்டு. மத்திய சுற்றறிக்கை எல்லாக் குடியரசுகளுக்கும் போயிருக்கும் அல்லவா? உக்ரைன் 2015-ல் சட்டம் போட்டு, தன்னிடம் இருந்த கே.ஜி.பி. கோப்புகளைத் திறந்துவிட்டது. பால்டிக் நாடுகளிலும் பெருமளவு திறந்திருக்கிறது. ஆகவே மாஸ்கோவில் கேட்டுக் கிடைக்காத உத்தரவின் நகலைக் கீவில் போய் வாசிக்கிறார்கள்.

காத்தின் பற்றிய ரஷ்ய விசாரணைக் கோப்புக்கு மட்டும் அப்படி ஒரு பக்கவாசல் இல்லை. 1990-ல் தொடங்கிய ரஷ்ய ராணுவ வழக்கறிஞர் துறையின் விசாரணை 14 ஆண்டு நடந்தது. 183 தொகுதிகள் சேர்ந்தன. 2004 செப்டம்பரில் விசாரணையை முடித்துக்கொள்வதாகத் தீர்மானித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 36 தொகுதிகளுக்குப் பரம ரகசிய முத்திரை குத்தினார்கள். விசாரணையை முடிக்கும் தீர்மானத்துக்கும் அதே முத்திரை.

கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள் சிலர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தத் தீர்மானத்தின் ஒரு நகலைக் கொடுங்கள் என்று நீதிமன்றம் ரஷ்யாவிடம் கேட்டது. ரகசியம் என்று மறுத்துவிட்டார்கள். நகல் கொடுக்காதது நீதிமன்றத்துக்கு ஒத்துழைக்கும் கடமையை மீறியது என்று 2013 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 1940-ல் ஸ்டாலின் கையெழுத்துப் போட்ட கடிதத்தை இன்று யாரும் பார்க்கலாம். அதை விசாரித்தவர்கள் 2004-ல் என்ன எழுதி முடித்தார்கள் என்பதை அந்தக் குடும்பங்களால் பார்க்க முடியவில்லை.